லிஃப்ட் ஐயாவும் பச்சை ரெக்ஸின் சீட்டும்

ஒரகடம் ரோட்டில் சென்னைப் பக்கம் போகிற எந்தக் கம்பெனி பஸ்ஸாக இருந்தாலும் வடக்குப்பட்டு ஏரி வளைவு வந்ததும் வேகத்தைக் குறைக்கும். டிரைவர் இரண்டு ஹாரன் அடிப்பார். இடது பக்கக் கதவு புஸ்ஸென்று திறக்கும். யாரும் ஏற மாட்டார்கள், யாரும் இறங்க மாட்டார்கள். மறுபடி புஸ்ஸென்று மூடிக்கொள்ளும். ஏ.சி. காற்று வீணாகிறது என்று ஒரு கம்பெனி அதிகாரி சுற்றறிக்கை விட்டுப் பார்த்தார். டிரைவர்கள் மரியாதையாக அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, வளைவு வந்ததும் கதவைத் திறந்தார்கள். அதிகாரி புனேவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். லிஃப்ட் ஐயா இன்னும் வளைவிலேயேதான் இருந்தார்.

லிஃப்ட் ஐயா என்பது முழங்கால் உயரக் கல். ரோட்டின் வடக்குப் பக்கம், கிழக்கே பார்த்து நட்டது. மேலே மஞ்சள், குங்குமம். முன்னால் எப்போதும் நாலைந்து பீடி. பக்கத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய ஒரு பழைய எவர்சில்வர் தூக்கு. 1990 ஐப்பசி மழையில் அந்த ஏரி மதகோரம் பிணமாகக் கிடந்த ஓர் இளைஞன்தான் இப்படிக் கல்லானான். பின்மண்டையில் அடி. அடித்தது யார்? தெரியாது. எதற்கு? தெரியாது. செத்தவன் யார்? அதுவும் தெரியாது. ரோட்டோரம் நின்று போகிற வண்டிக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருந்த ஆள் என்பதை மட்டும், தூரத்தில் ஆடு ஓட்டிப்போன இரண்டு பேர் சொன்னார்கள்.

போலீசுக்குக் கிடைத்த ஒரே தடயம் அந்தத் தூக்கு. அதன் கழுத்தில் 'காவேரி 12.5.89' என்று வெட்டியிருந்தது. உடனே பெண் விவகாரம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். தாம்பரம், மணிமங்கலம் என்று கிழக்கே தேடி இரண்டு காவேரிகளைப் பிடித்து வந்து அழ வைத்தார்கள். ஒருத்திக்கு அறுபது வயது, பல்லே இல்லை. அத்தோடு கேஸ் படுத்துக்கொண்டது. அடிபட்டுச் செத்தவன் சும்மா இருக்க மாட்டான் என்று ஊர் பயந்தது. அதே வளைவில் இரண்டு லாரி அடுத்தடுத்துக் கவிழ்ந்ததும் கல்லை நட்டார்கள். உயிரோடு இருந்தபோது யாரும் கதவைத் திறக்காத ஆளுக்கு, செத்தபிறகு நாள் முழுக்கக் கதவு திறந்தது.

போலீஸ் கிழக்கே தேடியதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்தில் அது சிங்கிள் ரோடு. பஸ் எப்போதாவது வரும். ஜனங்கள் லாரியை நம்பித்தான் போனார்கள். கை காட்டினால் கேபினில் ஏற்றிக்கொள்வது டிரைவர்களின் வழக்கம். ஏறியவனிடம் பெயர் கேட்கக் கூடாது, ஏற்றியதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் வழக்கம்தான். லோடு வண்டியில் ஆள் ஏற்றினது தெரிந்தால் லைசென்சுக்கு ஆபத்து, முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொள்வார். அதனால் ஸ்டேஷனில் வரிசையாக நிறுத்திக் கேட்டபோது நாற்பது டிரைவர்களும் ஒரே வாயாகச் சொன்னார்கள்: "கல்லு, மண்ணு, ஜல்லி தவிர நாங்க ஒண்ணும் ஏத்தறதில்ல சார். அந்த ஆள கண்ணாலகூடப் பாக்கல." அவன் எந்தப் பக்கம் போகக் கை காட்டினான் என்று சொல்ல ஆள் இல்லாததால், மெட்ராஸ் பக்கம்தான் என்று வைத்துக்கொண்டு போலீஸ் கிழக்கே போனது.

அந்த நாற்பது பேரில் பதினேழாவது ஆள் நடேசன்.

நடேசனுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் கடைசி வருஷம் வாத்தியார் பாவம் பார்த்துப் போட்ட பாஸ். பதின்மூன்று வயதில் லாரிக்கு கிளீனர், இருபத்தொன்றில் டிரைவர். பிரேக் பிடிக்காத டிப்பரை மணிமங்கலத்திலிருந்து படப்பை வரைக்கும் கியரிலேயே அடக்கிக் கொண்டுவந்து, ஒரு கோழிக்குக்கூடச் சேதமில்லாமல் நிறுத்தியவர். இந்தப் பக்கம் ஃபேக்டரிகள் முளைக்க ஆரம்பித்தபோது மற்றவர்கள் நிலத்தை விற்றுவிட்டு அந்த ஃபேக்டரி வாசலிலேயே செக்யூரிட்டியாக நின்றார்கள். நடேசன் ஒரு ஓட்டை வேனை வாங்கி ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றினார். இன்றைக்கு பதினொரு வேன், இரண்டு பஸ். ஒவ்வொன்றின் நெற்றியிலும் அவர் பெயர். எம்.பி.ஏ. படித்த மேனேஜர் ஒருவர் கம்ப்யூட்டரில் ரூட் போட்டு, வாலாஜாபாத்திலிருந்து நாற்பது நிமிஷம் என்று காட்டினார். நடேசன் ஒரு பார்வை பார்த்தார். "சார், ரயில்வே கேட்டு சாத்துனா வேன் மேல பறக்குமா?" என்றார். கான்ட்ராக்ட் அன்றைக்கே கையெழுத்தானது. இதை அவர் சொல்லக் கேட்காத மனிதர் இந்த வட்டாரத்தில் இருந்தால் அவர் நேற்று வந்த வடநாட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும். அவருக்கும் அரைகுறை இந்தியில் ஒரு தரம் சொல்லியாகிவிட்டது.

ஆனால் இதெல்லாவற்றையும்விட அவருக்குப் பெரிய பெருமை வேறு ஒன்று. லிஃப்ட் ஐயா கடைசியாகப் பயணம் செய்தது அவருடைய லாரியில்.

கேஸ் படுத்து, முதலாளி செத்து, அந்த லாரியும் காயலான் கடைக்குப் போனபிறகு, ஒரு ஆடிப் பொங்கலில் நடேசன் வாயைத் திறந்தார். "இத்தினி நாளு சொல்லல. அன்னிக்கு சாயங்காலம் கொட்டற மழையில ஐயாவ வாலாஜாபாத்துல ஏத்துனதே நான்தான். வளைவுல ஒண்ணுக்குப் போறேன்னு எறங்குனாரு. காத்துக்கினு இருந்தேன். திரும்பிப் பாத்தா ஆளக் காணம்." கேட்டவர்களுக்குப் புல்லரித்தது. சாமி ஒண்ணுக்குப் போன இடத்தில் ஒருத்தர் கற்பூரம் ஏற்றினார்.

அவர் ஒருவர் திறந்ததுதான் தாமதம், மற்ற வாய்களும் திறந்துகொண்டன. பால் வண்டி ஓட்டிய பழனிவேல், "உன் லாரில ஏர்றதுக்கு முன்னால என் பால் வண்டில வந்தாரு, டம்ளர்ல பால் குடுத்தேன்" என்றார். இன்னும் ஆறு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தர் வெள்ளைச் சட்டை என்றார், ஒருத்தர் கட்டம் போட்டது என்றார், ஒருத்தர் சட்டையே இல்லை என்றார். 1994-இல் பிறந்த மணிகண்டபிரபு, செத்துப்போன தன் அப்பா சார்பில் உரிமை கேட்டான். போலீஸ் கேட்டபோது ஒருத்தரும் பார்க்காத ஆளை இப்போது எட்டொன்பது வண்டி ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

இந்தப் போட்டியில் நடேசன் முந்தியதற்குக் காரணம், அவர் கதைக்கு வருஷா வருஷம் புது பாடி கட்டினார். ஐயா பீடி கேட்டதைச் சேர்த்தார். சிரித்ததைச் சேர்த்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் ஐயாவுக்கு வசனமும் கொடுத்தார்: "அண்ணே, மெட்ராஸ் போறேன். இனிமே இந்தப் பக்கம் தலவெச்சிப் படுக்க மாட்டேன்." வீட்டைவிட்டுப் போகிறவன் அப்படித்தானே சொல்வான்? பொருத்தமாகத்தான் இருந்தது.

இந்தத் தை மாதம் ரோட்டை ஆறு வழியாக்க வந்தார்கள். கல்லை எடுத்துப் பத்தடி தள்ளி நட வேண்டும். டிரைவர் சங்கம் கூடி, ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்தது. தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு கல்லுக்கு முதல் தண்ணீர் ஊற்றும் மரியாதை நடேசனுக்கு என்று முடிவானது. பழனிவேல் இரண்டு நாள் டீக்கடைப் பக்கமே வரவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஷெர்லின் வீடியோ எடுத்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். செல்போன் ஃபேக்டரியில் லைன் வேலை, தினமும் நடேசன் வேனில் போகிறவள்.

"தாத்தா, கல்லு பக்கத்துல நில்லுங்க. அந்தப் பாத்திரத்தக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க. செரி, இப்ப சொல்லுங்க, எடுக்கேன்."

நடேசன் மீசையை நீவிக்கொண்டு சொன்னார். தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்ற இடத்தில் குரலை உடைத்துக்கூடக் காட்டினார். நாலே நாளில் ஊர் உலகமெல்லாம் பார்த்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் வேன் ஷெட்டில் நடேசனும், கோபம் ஆறி வந்திருந்த பழனிவேலும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கேன்டீன் யூனிஃபார்ம் போட்ட ஒரு அம்மாள் உள்ளே வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கையில் ஷெர்லினுடைய வீடியோ ஓடும் போன்.

"நடேசண்ணன்றது யாரு?"

"நான்தாம்மா. வேலைக்கா? வேன்ல ஒரு சீட்டுகூடக் காலி இல்ல."

"நான் கம்பெனி பஸ்ல போறவ. பதினோரு வருசமா கேன்டீன் வேலை. வாலாஜாபாத்துக்கு அந்தாண்ட, பாலாத்தங்கர ஊரு." அவள் போனை நீட்டினாள். "இதுல கையில வெச்சிகினு கீறீங்களே தூக்கு, அதுல இன்னா பேரு வெட்டிக்கீது?"

"காவேரி. ஊருக்கே தெரியுமே."

"தேதி?"

"பன்னெண்டு, அஞ்சு, எம்பத்தொம்போது."

"அது எனக்குச் சடங்கு சுத்துன தேதி. எங்க மாமன் சீரு வெச்ச தூக்கு. நான்தான் காவேரி."

பழனிவேல் டீயை மூக்கில் இழுத்துவிட்டு இருமினார்.

காவேரி நின்றபடியே சொன்னாள். வசந்தகுமார் அவள் அண்ணன். அப்போது இருபத்திரண்டு வயது, வேலை இல்லை. தினம் அப்பாவோடு சண்டை. அன்றைக்குக் காலை அப்பா, வேலையோடு வந்தால் வா, இல்லாவிட்டால் வாசலை மிதிக்காதே என்றார். அவன் கோபத்தில் கிளம்பினான். அவள் ஓடிப்போய்த் தன் புதுத் தூக்கில் பழைய சோற்றைப் போட்டுக் கையில் திணித்தாள். அவ்வளவுதான். சாயங்காலம் வருவான் என்று பார்த்தார்கள். ஒரு வாரம், ஒரு மாசம். பிறகு அப்பா, ஓடிப்போனவன் ஓடிப்போனவன்தான், பேரை எடுக்காதே என்றார். அவரும் செத்துப்போனார். வாலாஜாபாத் பக்கம் ஒரு போலீசும் வந்து கேட்கவில்லை. காணாமல் போனவன் சென்னையில் குடும்பம் குட்டியோடு இருக்கிறான் என்றுதான் அவள் முப்பத்தைந்து வருஷமாக நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"பதினோரு வருசமா தினம் காலைல அந்த வளைவுல பஸ்ஸுக் கதவு தொறக்குது. நானும் உள்ள உக்காந்துகினு கும்புட்டுக்கினு போறேன். எவனோ சாமின்னு. ஒரு நாளும் எறங்கிக் கிட்ட போயிப் பாக்கல." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "செத்தது தெரிஞ்சிபோச்சி. எவன் அடிச்சான்னு இனிமே தெரியப் போறதில்ல. அது இருக்கட்டும். எங்கம்மா தாயாரம்மாளுக்கு எம்பத்திரண்டு வயசு. இந்த வீடியோவப் பாத்துட்டு ஒரே கேள்வி கேட்டுது. 'அப்ப அவன் வூட்டுக்குத் திரும்பி வர்றதாவே இல்லியா?' அன்னிலேருந்து சரியா சோறு எறங்கல. உங்ககிட்டதான் கடைசியா பேசிக்கீறான். சொல்லுங்கண்ணே. இந்தப் பக்கம் தலவெச்சிப் படுக்க மாட்டேன்னு அவன் வாயால சொன்னானா?"

நடேசன் பழனிவேலைப் பார்த்தார். பழனிவேல் கண்ணை இமைக்காமல் நடேசனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குப் பரிவட்டம். சங்கத்தில் எழுபது டிரைவர்கள். வேன் நெற்றியில் பெயர்.

"ஆமாம்மா," என்றார் நடேசன். "சொன்னாரு."

காவேரி தலையை ஆட்டினாள். "சரிண்ணே. நாளைக்கு வர்றேன். தூக்கை வாங்கிக்கினு போயி அம்மாகிட்ட சொல்லிடறேன்." ஷிஃப்ட் பஸ் வருகிற சத்தம் கேட்டு வேகமாக நடந்தாள்.

சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நடேசன் சோற்றைப் பிசைந்தார், பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். சரோஜா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். அவள் நாற்பத்தாறு வருஷமாக அவரோடு குப்பை கொட்டியவள். அவருடைய பதினொரு வேனில் எதன் டயர் தேய்ந்திருக்கிறது என்று அவரைவிட அவளுக்குத் தெரியும்.

"இன்னாய்யா, பரிவட்டம் கட்ற தலைக்குச் சோறு எறங்கலயா?"

அவர் ஷெட்டில் நடந்ததைச் சொன்னார். சரோஜா கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாக, "அன்னிக்கு நாம எங்க குடியிருந்தோம்?" என்றாள். அவளே பதிலும் சொன்னாள்.

"வாலாஜாபாத் கிரஷர் கொட்டாயில. விளக்கு வெச்சி ரொம்ப நேரங்கழிச்சி வந்து நின்ன. கொட்டற மழையில என்னக் கையப் புடிச்சி இஸ்துகினு போயி லாரியக் காட்டுன. இன்னா காட்டுன?"

"சீட்டு கவரு."

"பச்ச ரெக்ஸினு. அன்னிக்குத்தான் தாம்பரத்துல போட்டது. 'பாருடி, இத்தினி மழையில ஒரு சொட்டு நனையல'ன்னு தடவித் தடவிக் காட்டுன. சொட்டச் சொட்ட நனஞ்சவன ஏத்துனா சீட்டு எப்டிய்யா காஞ்சி கெடக்கும்?"

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"ஆடிப் பொங்கலுக்கு நீ மொதல்ல அவுத்து வுட்டியே, அப்பவே தெரியும். கம்முனு இருந்தேன். நீ வுடற ரீலால யாருக்கும் ஒண்ணும் போவல. அந்தாளு சாமி ஆயிட்டாரு, உனக்கும் பொழுது போவுது. இப்ப ஒரு கெழவி சோறு துன்னாம கெடக்கறா." அவள் அவர் தட்டை இழுத்துக்கொண்டாள். "நீயும் துன்னாத. போ."

மறுநாள் காலை வளைவில் கூட்டமான கூட்டம். சங்கத்துக்காரர்கள் எழுபது பேரும் காக்கிச் சட்டையில் வந்திருந்தார்கள். மேளம். வேன்களுக்கெல்லாம் வாழைக்கன்று. ஷெர்லின் லீவு போட்டுவிட்டு இரண்டு போனோடு நின்றாள். ரோட்டு வேலை எஞ்சினியர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, ஜே.சி.பி. டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு லிவரைப் பிடித்தார். கல் வலிக்காமல் மண்ணைவிட்டு எழுந்து அந்தரத்தில் ஆடியது. காவேரி கூட்டத்துக்கு முன்னால் நின்றாள். கட்டியிருந்தது நல்ல புடவை.

சங்கச் செயலாளர் பட்டுத்துணியை மடித்து நடேசன் நெற்றியில் வைத்தார். முடிச்சுப் போடப் போகிற நேரம் நடேசன் அவர் கையைப் பிடித்தார்.

"நில்லுப்பா. ஒரு பேச்சு கீது."

மேளம் நின்றது. ஷெர்லின் போனை உயர்த்தினாள்.

"நான் ஐயாவ ஏத்தல," என்றார் நடேசன்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் எப்போதும் போல் கதைக்குப் புது வாசல் வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"ஏத்தலைய்யா! என் லாரில அவரு ஏறவே இல்ல. பீடி கேக்கல. ஒண்ணுக்கும் போவல. மெட்ராஸ் போறேன்னு சொன்னது நானா கட்னது. அன்னிக்கி தாம்பரத்துல ஜல்லி எறக்கிட்டு வாலாஜாபாத் பக்கம் திரும்பி வர்றேன். கிளீனருக்குக் காய்ச்சல், நான் மட்டுந்தான். விளக்கு வெக்கிற நேரம், பேய் மழ. தோ, அங்க." அவர் ரோட்டின் எதிர்ப்புறம், அடிமரம் மட்டும் மிச்சமிருந்த ஒரு புளியமரத்தைக் காட்டினார். "அந்த மரத்துக்குக் கீழ ஒருத்தன் நின்னான். தெப்பலா நனஞ்சிருந்தான். கையக் காட்டல, தூக்கத் தூக்கிக் காட்னான். லைட்டு வெளிச்சத்துல பளிச்சுன்னு தெரிஞ்சுது. பிரேக்குல காலு வெச்சேன். புது சீட்டு. அன்னிக்குத்தான் போட்டது. ஈரத்தோட உக்காந்தா பாழாயிடும்னு காலை எடுத்துட்டேன். ரெண்டு நாளு கழிச்சி அதே தூக்கு மதகுல கெடந்துது. போலீஸ்லயும் பாக்கலன்னு சொல்லிட்டேன். பாத்தேன்னு சொல்லியிருந்தா வாலாஜாபாத் பக்கம் போயித் தேடியிருப்பாங்க. அவ்ளோதான். இப்ப கட்றவன் கட்டிக்கோ."

கல் மட்டும் ஜே.சி.பி.யில் கிறீச் கிறீச்சென்று ஆடியது.

காவேரி மரத்தைப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள். கையை நீட்டி எது எந்தப் பக்கம் என்று தனக்குத்தானே கணக்குப் பார்த்துக்கொண்டாள்.

"அந்தப் பக்கமா நின்னான்?"

"அந்தப் பக்கந்தாம்மா."

"அந்தப் பக்கம் நின்னா வண்டி வாலாஜாபாத்துக்குத்தான போவும்?"

"ஆமா. எவனக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவான். மெட்ராஸ் போறவன் அங்க நிக்க மாட்டான்."

"அப்ப வூட்டுக்கு வந்துகினு இருந்தான்."

"வூட்டுக்குத்தாம்மா வந்துகினு இருந்தாரு."

காவேரி அவரையே பார்த்தாள். அடிப்பாள் என்று பழனிவேல் எதிர்பார்த்தார்; ஓரடி பின்னால் நகர்ந்து வசதியான இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். அவள் அடிக்கவில்லை.

"எங்கண்ணன் உசுரு ஒரு சீட்டு கவரு வெல பெறலையாண்ணே?"

நடேசன் நெற்றியிலிருந்த பட்டுத்துணியை எடுத்துச் செயலாளர் கையில் திருப்பிக் கொடுத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு செயலாளர் பக்கம் திரும்பினாள்.

"வூட்டுக்கு வந்தவன எதுக்கு மெட்ராஸ் பக்கம் பாக்க வெக்கறீங்க? அந்தாண்ட கொண்டுபோயி வைங்க. எங்க ஊரப் பாத்து."

எஞ்சினியர் பதறினார். ரோட்டைக் குறுக்கே அடைக்க முடியாது, வண்டிகள் நின்றுவிடும் என்றார். எழுபது டிரைவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டு, பத்து நிமிஷம் என்றார். முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் நின்று ஹாரன் அடித்தன. நடுவில் ஜே.சி.பி.யில் ஊஞ்சலாடிக்கொண்டே லிஃப்ட் ஐயா ரோட்டைக் கடந்தார். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் முறையாக ஒரு வண்டி அவரை ஏற்றிக்கொண்டு போனது என்று ஷெர்லின் வீடியோவுக்கு எழுதினாள். பெண்ணுக்குக் கொழுப்பு அதிகம்தான். ஆனால் தப்பில்லை.

பரிவட்டம் யாருக்கு என்ற கேள்வி அப்படியே நின்றது. பழனிவேல் தொண்டையைக் கனைத்தார். "வூட்டுக்குத் திரும்புனவன் காலைல எப்டியோ ஒரு வண்டில மெட்ராஸ் பக்கம் போயிருப்பான் இல்ல? அந்த வண்டி என் பால் வண்டி. நடேசன் பொய் சொன்னான், நான் சொல்லல."

"இன்னா கலர் சட்ட போட்டுக்கினு இருந்தான்?" என்றாள் காவேரி சட்டென்று.

பழனிவேல் வானத்தைப் பார்த்தார். "நாளாயிடுச்சிம்மா."

ஆனாலும் வேறு ஆள் இல்லாததால் பட்டுத்துணி அவர் தலைக்கே போனது. முதல் தண்ணீரை அவர்தான் ஊற்றினார்.

எல்லாம் முடிந்ததும் காவேரி தூக்கைக் கட்டியிருந்த சங்கிலியைப் பிடித்தாள். மணிகண்டபிரபு குறுக்கே வந்தான். "அக்கா, அது சாமி சொத்து. வெளிய போவக்கூடாது."

"என் சடங்குக்கு என் மாமன் வெச்ச சீருடா இது. என் பேரு கீது பாரு. உங்க சாமி பேரு எங்கியாவது கீதா?"

மணிகண்டபிரபு பார்த்தான். சாமிக்கு நேற்று வரை பெயரே கிடையாது. அப்பா சார்பில் பேசி வந்த பையன், சாமி சார்பில் பேச முடியாமல் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தான்.

நடேசன் தன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி இடது கதவைத் திறந்தார். "ஏறும்மா, ஊர்ல வுட்டுடறேன்."

"வேணாம்," என்றாள் காவேரி. வந்துகொண்டிருந்த ஒரு லாரிக்குத் தூக்கை உயர்த்திக் காட்டினாள். லாரி நின்றது. அதில் ஏறிக்கொண்டு போய்விட்டாள்.

நாலு நாள் கழித்து நடேசனுக்கு போன் வந்தது.

"அம்மா சோறு துன்னுது," என்றாள் காவேரி. எடுத்த எடுப்பில் அதைத்தான் சொன்னாள். "நீங்க சொன்னத சொன்னேன். 'வந்துகினுதான இருந்தான், அந்த மழையில எதுக்குடா அவ்ளோ நேரம் நின்ன'ன்னு அவனத் திட்டுச்சி. அப்பால அந்தத் தூக்குலயே கஞ்சி ஊத்திக் குடிச்சிது. உங்களுக்கும் ஒரு பேச்சு சொல்லச் சொல்லிச்சி."

"சொல்லும்மா."

"உங்க சீட்டு நாசமாப் போவட்டுமாம்."

"அது அப்பவே போச்சும்மா," என்றார் நடேசன். "மூணே மாசத்துல டாரா கிழிஞ்சுது."

"நல்லா வேணும்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். 

இப்போது காலையில் சென்னைப் பக்கம் போகிற பஸ்கள் வளைவில் நிற்காமல் போகின்றன. சாயங்காலம், ஷிஃப்ட் முடிந்து வாலாஜாபாத் பக்கம் திரும்புகிற வண்டிகள்தான் வேகத்தைக் குறைக்கின்றன. இரண்டு ஹாரன். புஸ்ஸென்று கதவு திறக்கிறது. காவேரி போகிற பஸ்ஸிலும் திறக்கிறது. அவள் கும்பிடுவதில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விடுகிறாள் என்று டிரைவர் சொல்கிறார்.

நடேசன் ஒரு மாதம் டீக்கடைப் பக்கம் தலைகாட்டவில்லை. சரோஜாவுக்கு வீட்டில் அவர் தொல்லை தாங்கவில்லை. "போய்யா வெளிய, எவனாவது கேட்டா செருப்படி வாங்கிக்கினு வா, ஒண்ணும் ஆயிடாது," என்று விரட்டினாள். அவர் போனார். அங்கே பழனிவேல், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பஸ் டிரைவர் சக்திகுமாருக்குப் பால் டம்ளர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். டம்ளர் இப்போது வெள்ளி டம்ளராகியிருந்தது.

சக்திகுமார் திரும்பி, "நீங்களும் ஐயாவ ஏத்துனீங்களாமே பெரியவரே?" என்றான்.

கடையில் எல்லோரும் டீயை வாயிலேயே நிறுத்திக்கொண்டார்கள். நடேசன் பெஞ்சில் உட்கார்ந்தார். மீசையில் கை போனது, பாதியில் இறங்கிவிட்டது.

"ஏத்துனவன் இந்த ரோட்டுல நூறு பேரு கீறான்," என்றார். "ஏத்தாம வுட்டவன் ஒருத்தன்தான். தள்ளி உக்காரு, சொல்றேன்."